சீலி வீட்டு இரும்புக் கேட்

மார்ச் 1, ஞாயிறு

பாக்கியசீலி எனக்கு அநியாயம் செய்தாள். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் யாராவது படித்துவிட்டு, சங்கரவடிவு காரணமில்லாமல் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள் என்று சொல்லிவிடக் கூடாது.

என் காந்த ஊசி தொங்கும் அறைக்கு அடுத்தாற்போல், அவள் வீட்டு வாசலில், ஆள் உயரத்துக்கு இரும்புக் கேட் போட்டிருக்கிறாள். சக்கரம் வைத்து இழுக்கும் கேட். போன ஆனி மாதம் போட்டாள். அதற்கு முன் இருந்தது வேப்பமரக் கேட். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே ஆசாரி பித்தளைக் கீல் வைத்துச் செய்து கொடுத்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்து வந்தால் வெல்டிங் பொறி பறக்கிறது.

அன்றிலிருந்து பேச்சில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் ஒரு சின்ன மரக்கதவு உண்டு. அதை என் பக்கமிருந்து திருகு போட்டு மூடிவிட்டேன். பித்தளைத் திருகு. அவ்வளவு கோபத்திலும் நான் இரும்பு ஆணி அடிக்கவில்லை.

மார்ச் 2, திங்கள்

காலையில் சுண்டைக்காயை மோரில் ஊறப்போட்டேன். குழாய்த் தண்ணீர் கலங்கலாக வருகிறது.

ஊசி என்று நான் சொல்வது சின்னக் காந்தத் துண்டு. கண்ணாடிப் பரணிக்குள், பழைய ஊறுகாய் ஜாடிதான், நூலில் தொங்குகிறது. நூலை முறுக்கி வைத்திருப்பதால் அது வடக்கே பார்க்க முடியாமல் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. வடக்கின் இழுப்பு கொஞ்சம் கூடினால் நூலை மீறிச் சற்றுத் திரும்பும். குறைந்தால் பின்வாங்கும். அதன் முதுகில் ஒட்டிய கண்ணாடிச் சில்லில் சிவப்பு வெளிச்சம் பட்டு எதிர்ச்சுவரில் புள்ளியாக விழும். புள்ளி நிற்கும் இடத்தைத் தாளில் பென்சிலால் குறிக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு இதுதான் என் வேலை.

இந்த வீட்டில் இரும்பு கிடையாது. வாளி பிளாஸ்டிக், சட்டி அலுமினியம், கொக்கி பித்தளை. தோசைக்கல்லைப் பால்காரி முத்துப்பேச்சிக்குக் கொடுத்துவிட்டேன். செல்போனுக்குள்ளும் காந்தம் இருக்கிறது. ஆகவே அது பின்கட்டு அடுக்களையில் அரிசி வாளிக்குள் கிடக்கும். மாலையில் ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். அவசரம் என்றால் ஆள் நேரில் வரட்டும்.

தோசை வேண்டுமென்றால் முன்பெல்லாம் சின்னக் கதவு வழியாக வரும். இப்போது இட்லிதான்.

மார்ச் 3, செவ்வாய்

சாயங்காலம் போனில் இசக்கியப்பன் பேசினார். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவர். தென்கோடி மாவட்டங்களில் என்னைப்போல் வீட்டிலும் பள்ளியிலும் ஊசி தொங்கவிட்டிருப்பவர்களை ஒரு வாட்ஸ்அப் குழுவாகச் சேர்த்து வைத்திருக்கிறார்.

“அம்மா, உங்க தாள்ல பாதி ‘கே’யா இருக்கே.”

கேட் அசைந்தால் நான் ‘கே’ என்று குறிப்பேன்.

“அதை நான் போடல சார். பக்கத்து வீட்டுக்காரி போட வைக்கா.”

“புரியுதும்மா. ஆனா சூரியன்ல ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டம் நம்ம பக்கமாத் திரும்பிட்டு வருது. இந்த மாசம் ஒரு நல்ல தள்ளு இருக்கும்னு நெனைக்கோம். உங்க தாள்ல எது வானம், எது கேட்டுன்னு பிரிக்க முடியலன்னா, உங்க ஊசியைக் கணக்குல சேர்க்க முடியாதும்மா. எனக்கே சங்கடமா இருக்கு.”

“என் ஊருக்கு மேலதான் சார் பகல்ல வானத்துல மின்சாரம் ஓடுது. தள்ளு இங்கதான் பெருசாத் தெரியும். என்னைய விட்டுட்டு என்ன கணக்கு?”

“அதனாலதான் கேக்கேன். அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசுங்களேன். கேட்டைத் திறக்கிற நேரத்தைச் சொன்னாக்கூடப் போதும்.”

“பேசுறதுக்கு ஒண்ணுமில்ல” என்றேன்.

மார்ச் 4, புதன்

கே. கே. கே. கே.

மார்ச் 6, வெள்ளி

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் கால்களை இணைக்கும் ட்ரங்க் போர்டில் உட்கார்ந்து காதில் ஹெட்போன் மாட்டியே இடது காது மந்தமாகிவிட்டது. சீலி என் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் பட்டப்பகலில் தீவுகளுக்குப் போகும் ரேடியோ லைன் செத்துவிட்டது. ஆளாளுக்குக் கத்துகிறார்கள். எஞ்சினியர் வந்து, “சூரியனில் கோளாறு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“சூரியனுக்கு யாரு, அக்கா, கனெக்‌ஷன் குடுத்தது?” என்றாள் சீலி. போர்டே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மறுநாளே மாவட்ட நூலகத்தில் சேர்ந்தேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்ததுதான் என் படிப்பு.

படித்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். சூரியனிலிருந்து எந்நேரமும் ஒரு காற்று வீசுகிறது. மரத்தை ஆட்டும் காற்று அல்ல, மின்னூட்டம் ஏறிய துகள்களின் காற்று. பூமியின் காந்தம் நம்மைச் சுற்றிக் கூடாரம் போல நின்று அதைத் தடுக்கிறது. அந்தக் கூடாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. சூரியனில் ஏதாவது வெடித்துக் காற்று பலத்தால் எல்லை உள்ளே நெருங்கும். எல்லையில் ஓடும் மின்சாரமும் கூடவே நெருங்கும். உடனே தரையில் வடக்கின் இழுப்பு கூடி, என் சுவரில் புள்ளி வலப்பக்கம் எகிறும். காற்று தணிந்தால் எல்லை வெளியே போகும். புள்ளி இடப்பக்கம் இறங்கும்.

இந்த எல்லையை நான் ஒரு சுவர் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இசக்கியப்பன் மறுத்தார். “சுவர் இல்லம்மா. ரெண்டு பக்கத் தள்ளும் எங்க சமமாகுதோ, அங்க நிக்குது. அதுக்குன்னு சொந்தமா ஒரு இடம் கிடையாது.” இரண்டு வாரம் அவரோடு சண்டை போட்டேன். அவர் சொன்னதுதான் சரி. சொந்த இடமே இல்லாத எல்லையை எப்படி எல்லை என்பது என்று இன்னும் எனக்கு எரிச்சல்தான்.

சீலியின் கேட்டைத் திறந்தாலும் புள்ளி வலப்பக்கம்தான் எகிறும். மூடினால் இறங்கும். என் வயிற்றெரிச்சல் அதுதான்.

மார்ச் 8, ஞாயிறு

சீலி கோயிலுக்குப் போனாள்: கே. வந்தாள்: கே. சாயங்காலம் யாரோ பார்க்க வந்தார்கள், திறந்தே கிடந்தது. பெங்களூரிலிருந்து அவள் மகன் ஆல்வின் வந்து போனதாக முத்துப்பேச்சி சொன்னாள். அம்மாவைக் கூடவே கூட்டிக்கொண்டு போகப் போகிறானாம். போகட்டும். பூட்டிவிட்டுப் போகிறவளுக்குத்தானே அவ்வளவு பெரிய கேட் வேண்டும். அதை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

இரவு சாப்பிடவில்லை. பசியில்லை. வெயில் காரணம்.

மார்ச் 10, செவ்வாய்

சூரியனில் அந்தக் கரும்புள்ளிக் கூட்டம் வெடித்துவிட்டது. குழுவில் ஒரே பரபரப்பு. அந்தத் துகள்களின் பெரிய மேகம் ஒன்று கிளம்பி வருகிறதாம். வெள்ளிக்கிழமை வந்து சேரும் என்று இசக்கியப்பன் எழுதியிருக்கிறார். முன்னே பின்னே ஆகலாம் என்றும் எழுதியிருக்கிறார், எல்லாவற்றிலும் அப்படி ஒரு வால் வைப்பார்.

பென்சில் சீவினேன். புதுத் தாள் ஒட்டினேன். பரணியின் மூடியைச் சுற்றி மெழுகு வைத்தேன். பல்லி போன வருஷம் நூலை அறுத்ததை மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மட்டுமாவது கேட்டைத் தொடாதே என்று ஒரு சீட்டு எழுதிச் சுவருக்கு மேலே போடலாமா என்று யோசித்தேன். எழுதினேன். கிழித்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

காலை: இன்று என்னவோ அதிசயம். வாசல் பெருக்குகிற நேரத்துக்குக்கூடக் கே இல்லை. மேகத்தின் சேதி சீலி காதிலும் விழுந்துவிட்டது போல. புள்ளி ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. பல மாதத்துக்குப் பிறகு ஒரு சுத்தமான காலை. நாளைக்கும் இப்படியே இருந்தால் போதும்.

பத்து மணிக்கு மேல்: மனதார ஒரு வரி பாராட்டி எழுதியது தப்பு. புள்ளி வலப்பக்கம் எகிறிவிட்டது. கே. அதுவும் சாதாரண எகிறல் இல்லை, முழுக்கத் திறந்திருக்கிறாள். மூடவும் இல்லை. அப்படியே நிற்கிறது. லாரி ஏதும் உள்ளே விடுகிறாளோ என்னவோ.

மத்தியானம்: இன்னும் மூடவில்லை. மாடிக்கு வற்றல் எடுக்கப் போனேன். அவள் வீட்டுப் பின்கட்டு விளக்கு பட்டப்பகலில் எரிகிறது. மகன் பணம் அனுப்புகிற திமிர். வாசல் பக்கம் நான் பார்ப்பதில்லை. சுவருக்கு அப்பால் டக் டக்கென்று ஏதோ தட்டுகிற சத்தம். என் காதுக்கே கேட்டது என்றால் பெரிய வேலைதான். குழாய் மாற்றுகிறார்கள் போலிருக்கிறது. அதற்கும் என்னைக் கேட்கவில்லை.

மூன்று மணி சுமாருக்கு முத்துப்பேச்சி சாயங்காலப் பாலோடு வந்தாள்.

“யக்கா, சீலியம்மா ஊருக்குப் போயிட்டாவளா? காலையில கேட்டுல மாட்டுன பாலு அப்படியே தொங்குது. வெயிலுக்குத் திரிஞ்சே போயிருக்கும்.”

“எங்கயும் போகல. பத்து மணிக்குக் கேட்டைத் திறந்தா.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாக்கணுமா என்ன? ஊசி சொல்லிச்சு.”

“என்ன ஊசியோ. கேட்டு சாத்தித்தான் கிடக்கு.”

“இப்ப சாத்தியிருப்பா. உனக்கு வேற சோலி இல்லையா?”

போய்விட்டாள். போன பிறகு புள்ளியைப் பார்த்தேன். வலப்பக்கமாகத்தான் நிற்கிறது, காலையைவிடக் கொஞ்சம் இறங்கி. கேட் சாத்தியிருந்தால் பழைய இடத்துக்கு அல்லவா வர வேண்டும்? முத்துப்பேச்சிக்குக் கண் சரியில்லை.

மாலை: பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 13, வெள்ளி

நேற்று மாலை நடந்தது.

விளக்கு வைத்துவிட்டு அரிசி வாளியிலிருந்து போனை எடுத்தேன். குழுவில் ஏகப்பட்ட சேதி. எல்லாவற்றுக்கும் மேலே இசக்கியப்பன்: “மேகம் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. காலை பத்தே காலுக்கு எல்லை உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்ததா?” கீழே வரிசையாக ஒவ்வொருவரும்: எகிறியது, எகிறியது, பத்தே கால், பத்தே கால். கடைசியில், “வடிவம்மா, உங்களுக்கு?”

ஊசி அறைக்கு ஓடினேன். தாளில் பத்தே காலில் எகிறல். அதன் தலைமேல் என் கையெழுத்தில் ‘கே’.

சந்தோஷம் வந்தது. அதை மறைக்கவில்லை. எல்லை இத்தனை ஆயிரம் மைல் உள்ளே வந்ததை என் ஊசி பிடித்திருக்கிறது. ரப்பரை எடுத்து அந்தக் ‘கே’யை அழித்தேன். பாதி அழித்தபோது கை நின்றுவிட்டது.

அது வானம் என்றால், கேட் இல்லை. கேட் இல்லை என்றால், புதன் ராத்திரிக்குப் பிறகு அந்தக் கேட் அசையவே இல்லை. பால் தொங்குகிறது. விளக்கு எரிகிறது. சுவருக்கு அப்பால் தட்டியது குழாய்க்காரன் இல்லை.

வாசலுக்குப் போய்ச் சுவருக்கு மேல் கத்தினேன். பதில் இல்லை. கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. சின்னக் கதவுக்கு வந்தேன். வீட்டில் திருப்புளி கிடையாது, அது இரும்பு. பித்தளைக் கரண்டிக் காம்பை வைத்துத் திருகினேன். நாலு வந்தது. அதற்குள் கரண்டி வளைந்துவிட்டது. மீதியை மிதித்தே பெயர்த்தேன். எழுபத்திரண்டு வயதில் கதவை மிதிப்பேன் என்று நான் நினைத்ததில்லை. ஆசாரி நல்ல மரம்தான் போட்டிருக்கிறான்.

குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. கீழே கிடந்தாள். கையில் பிளாஸ்டிக் கப்பு. அதைத்தான் சுவரில் தட்டியிருக்கிறாள்.

“யாரு?”

“நான்தான்.”

“வடிவக்காவா? கேட்டு பூட்டிக் கிடக்குமே, எப்படி வந்த?”

“கேட்டைப் பத்திப் பேசாத.”

“விடியக்காலத்துல இருந்து தட்டுதேன். பக்கத்து வீட்டுல ஒரு செவிட்டு முண்டம் இருக்கே, கேக்கவா போகுதுன்னு நெனைச்சேன்.”

“கேட்டுச்சு. குழாய் வேலைன்னு நெனைச்சேன்.”

“நெனைப்ப, நெனைப்ப.” சிரிக்கப் பார்த்தாள். வலி விடவில்லை. இடுப்பை அசைக்க முடியவில்லை. உதடு காய்ந்திருந்தது. ஒரு வாய் தண்ணீரில் உதட்டை நனைத்துவிட்டு, சேலையை இழுத்துப் போர்த்தி, அவள் போனிலிருந்தே 108ஐக் கூப்பிட்டேன்.

ஆம்புலன்ஸ் வந்தபோது அவள் சாவியை வாங்கிக்கொண்டு போய்க் கேட்டைத் திறந்தது நான்தான். முதல் தடவையாக அதைத் தொட்டேன். அவ்வளவு பெரிய கேட் ஒரு விரலுக்கு நகர்ந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து விடியலில்தான் வந்தேன். தாளில் நேற்று மாலைக்கு நேரே ஒரு கே போட்டேன். பக்கத்தில் ‘நானே’ என்று எழுதினேன்.

மார்ச் 14, சனி

அறுவை முடிந்தது. இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். டாக்டரிடம், “எந்த உலோகம்?” என்று கேட்டேன்.

“டைட்டானியம் பாட்டி. ஏன், அலர்ஜி ஏதும் உண்டா?”

“இல்ல. இரும்பு கலக்காததா?”

“கலக்காதது.”

“நல்லது. அவ என் பக்கத்து வீடு” என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மார்ச் 16, திங்கள்

காந்தப் புயல் ஓய்ந்துவிட்டது. வியாழனன்று எல்லை, டிவிக்கான செயற்கைக்கோள்கள் நிற்கும் உயரத்துக்கும் உள்ளே வந்துவிட்டதாம். சில மணி நேரம் அவை கூடாரத்துக்கு வெளியே காற்றில் நின்றிருக்கின்றன. இப்போது எல்லை மறுபடி வெளியே போய்விட்டது. வியாழன் ராத்திரியே வெகுதூரம் இடப்பக்கம் இறங்கிய புள்ளி மெதுவாக ஏறிவருகிறது. அதே பழைய இடத்தில் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்கிறார் இசக்கியப்பன். நான் எதிர்பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ரசஞ்சாதம் கொண்டுபோனேன். “உப்பு கம்மி” என்றாள். தேறிவருகிறாள்.

மார்ச் 17, செவ்வாய்

ஆல்வின் வந்துவிட்டான். கட்டிலருகே நின்று பெங்களூரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். லிஃப்ட் இருக்கிறதாம், கீழேயே கிளினிக் இருக்கிறதாம். நான் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அவன் மருந்து வாங்கப் போனதும் சீலி, “என்னக்கா, ஒண்ணும் பேச மாட்டேங்கிற?” என்றாள்.

“நான் என்ன பேச? போறவ போவ வேண்டியதுதானே. போறதுக்குத்தானே அந்தக் கேட்டைப் போட்ட.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லணுமாக்கும். பூட்டிட்டுப் போற வீட்டுக்குத்தான் அம்புட்டுப் பெரிய கேட்டு போடுவாவ.”

சீலி என்னை வெகுநேரம் பார்த்தாள். போர்டில் ராங் நம்பர் கேட்கிறவனிடம் பேசுமுன் அப்படித்தான் இருப்பாள்.

“ஏ அக்கா, அவன் போன வருஷமே என்னையக் கூட்டிட்டுப் போக வண்டி பிடிச்சு வந்துட்டான். ஒத்தையில கெடக்காத, மரக் கேட்டை நம்பி உன்னைய விட முடியாதுன்னு ஒரே பிடிவாதம். இரும்புக் கேட்டு போட்டுக்கிடுதேன், என்னைய இங்கயே விடுன்னு நான்தான் பேரம் பேசினேன். உன் பக்கத்துல இருக்கதுக்குத்தான் அந்தச் சனியனை வாங்குனேன்.”

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா.”

“சொல்ல விட்டியா? நான் வாயைத் தொறக்கதுக்குள்ள திருகு போட்டுட்டயே.”

பழத்தை ரொம்ப நேரம் உரித்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. கையெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. கழுவிவிட்டு வந்தேன்.

வந்து, “இருந்தாலும் கேட்டிருக்கணும்” என்றேன்.

“கேட்டிருக்கணும்” என்று அவள் ஒப்புக்கொண்டாள். அவள் ஒப்புக்கொண்டதை இங்கே பதிவு செய்கிறேன்.

மார்ச் 18, புதன்

ஆல்வினிடம் நானே பேசினேன்.

“ஒங்கம்மா இங்கதான் இருப்பா.”

“எப்படி ஆன்ட்டி? அன்னைக்கு நீங்க பார்க்கலன்னா என்ன ஆகியிருக்கும்? ராத்திரி பகல் யாரு பார்த்துக்கிடுவா?”

“நான் பாக்கேன்.”

“உங்களுக்கே காது...”

“காது எதுக்கு? ஊசி இருக்கு.”

அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து காட்டினேன். கேட்டை இழு என்றேன். இழுத்தான். அவனை அறைக்குள் நிறுத்திவிட்டு நான் போய் மூடி, திறந்து, மறுபடி மூடினேன். புள்ளி எகிறுவதையும் இறங்குவதையும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். “நானும் எஞ்சினியர்தான் ஆன்ட்டி, இப்படி ஒரு அலாரம் பார்த்ததில்ல” என்றான். இது அலாரம் இல்லை, காந்த மண்டலத்தின் எல்லையை அளக்கும் கருவி என்று திருத்தினேன்.

அவன் மறுபடி இழுத்தான். மறுபடி மூடினான். சின்ன வயதிலும் இப்படித்தான், எங்கள் வீட்டு ஸ்விட்சை விடமாட்டான்.

“மூணு மாசம் பார்ப்போம்” என்றான் கடைசியில்.

மார்ச் 21, சனி

இசக்கியப்பனிடம் நடந்ததைச் சொன்னேன். “அன்னைக்கு நான் போன்ல கூப்பிட்டிருக்கணும்மா. மெசேஜ் போட்டதோட விட்டுட்டேன்” என்றார்.

“கூப்பிட்டாலும் அரிசிக்குள்ளதான் அடிச்சிருக்கும். அதை விடுங்க. என் தாளு கணக்குல உண்டா, இல்லையா?”

“வியாழக்கிழமைத் தாளு உண்டும்மா. அன்னைக்கு கேட்டு அசையவே இல்லைங்கிறதுக்கு உங்களைவிட யாரு சாட்சி? குழுவிலேயே உங்க எகிறல்தான் பெருசு, நம்ம எதிர்பார்த்த மாதிரியே. இனிமேலும் கேட்டுக்கு ஒரு நேரம் வச்சுக்கிட்டீங்கன்னா, அதை மட்டும் தள்ளிட்டு மத்ததை எடுத்துக்கிடலாம்.”

அதை மட்டும் தள்ள வேண்டாம், எனக்கு அதுவும் வேண்டும் என்று சொன்னேன்.

மார்ச் 29, ஞாயிறு

சீலி வந்துவிட்டாள். ஆம்புலன்ஸ், ஆல்வின் கார், ஆட்டோ. கே, கே, கே. ஒன்றுக்கும் நான் வாய் திறக்கவில்லை.

ஏப்ரல் 8, புதன்

இன்று காலை அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்து, தானே கேட்டை இழுத்தாள். நான் அறையில் நின்று புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சின்னதாக நடுங்கியது. நின்றது. சின்னக் கதவுப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தேன். பிறகு ஒரே சீராக வலப்பக்கம் போய் நின்றது. இதைவிடப் பெரிய எகிறலை வானம் காட்டியிருக்கிறது. இவ்வளவு நேரம் நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

“தெரிஞ்சுதா?” என்று சின்னக் கதவு வழியாகக் கத்தினாள்.

“தெரிஞ்சுது. வேகமா இழுக்காத.”

புகாரை நான் வாபஸ் வாங்கவில்லை. கேட்காமல் போட்டது போட்டதுதான். ஆனாலும் இனி நடக்க வேண்டியதை எழுதி, இரண்டு வீட்டு அடுக்களையிலும் ஒட்டப்போகிறேன். யாரும் மறந்தேன் என்று சொல்லக் கூடாது.

பாக்கியசீலி: தினமும் பால் எடுக்கும்போது ஒருமுறையும், விளக்கு வைக்கும் முன் ஒருமுறையும் கேட்டை முழுக்கத் திறந்து மூட வேண்டும். கோபமாக இருந்தாலும் திறக்க வேண்டும், என்மேல் கோபம் என்றால் கண்டிப்பாக. மற்ற நேரத்தில் திறந்தால் சின்னக் கதவு வழியாகச் சொல்லிவிட்டுத் திறக்க வேண்டும்.

நான்: அந்த நேரத்தில் புள்ளி அசையாவிட்டால், எது எப்படி இருந்தாலும், உடனே போய்ப் பார்க்க வேண்டும். அசைந்தாலும் போய்ப் பார்க்க வேண்டும்; அசைத்தது அவளா வானமா என்று ஊசிக்குத் தெரியாது. வாசல் பக்கம் பார்ப்பதில்லை என்ற கொள்கை இன்றோடு ரத்து. போனை அரிசி வாளியிலிருந்து எடுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம், சீலி வீட்டில் வைக்க வேண்டும்.

இசக்கியப்பன்: மேகம் வருகிறது என்றால் சீலியின் எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். மெசேஜ் செல்லாது.

ஆல்வின்: வாக்கர் அலுமினியம்தானா என்று பில்லைப் பார்த்துச் சொல்ல வேண்டும். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட வேண்டும், பித்தளையில். மூன்று மாதம் என்ற பேச்சை நிறுத்த வேண்டும்.

முத்துப்பேச்சி: சந்தேகம் வந்தால் நான் விரட்டினாலும் போகக் கூடாது.

ஆசாரி மகன்: சின்னக் கதவில் நான் மிதித்து உடைத்த சட்டத்தை மாற்ற வேண்டும். தாழ்ப்பாள் வேண்டாம்.

தோசை: சீலி, நிற்க முடிந்த நாளிலிருந்து. அதுவரை இட்லி, நான், இரண்டு வீட்டுக்கும்.